மூன்று வார வீரம்

ஆண்டின் முதலாந் தவணை தொடங்கியதும் இலங்கையின் பாடசாலை மைதானங்கள் புத்துயிர் பெறுகின்றன. புல் செதுக்கப்படுகின்றது, சுண்ணாம்புக் கோடுகள் இடப்படுகின்றன, ஒவ்வோர் இல்லத்தின் நிறத்திலும் கொடிகளும் தோரணங்களும் எழுகின்றன. இல்ல மெய்வல்லுநர் போட்டி வெறும் விளையாட்டு நிகழ்ச்சி அன்று. ஊரே திரண்டு வந்து பார்க்கும் விழா. வகுப்பறையிலே எவர் கண்ணிலும் படாத பிள்ளை அன்றைக்கு ஒலிபெருக்கியிற் பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றான். இவ்விழாவின் சிறப்பை எவரும் மறுக்கப்போவதில்லை. ஆயினும், ஆண்டின் பெரும்பகுதியை மேசைக்கு முன்னாற் கழித்த உடல்களை மூன்று நான்கு வாரங்களுக்குள் ஓட்ட வீரரின் உடல்களாக மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையின் மீதே பல பாடசாலைகளில் இவ்விழா கட்டப்பட்டுள்ளது என்பதும் மறுக்கவியலாத உண்மையாகும்.

போட்டியின் முடிவிலே அறிவிக்கப்படும் புள்ளிப் பட்டியலில் ஒரு கணக்கு மாத்திரம் இடம்பெறுவதில்லை. தொடைத் தசை கிழிந்தவர் எத்தனை பேர், கணுக்கால் சுளுக்கியவர் எத்தனை பேர், நோவோடு ஓடி அதன் பின்னர் ஓடாமலே விட்டவர் எத்தனை பேர் என்பதே அக்கணக்கு. தலைவிதி, நாவூறு, அல்லது பிள்ளையின் உடல் நலிவு என ஏதேனுமொரு விளக்கத்தோடு அவ்விடயம் முடிந்துவிடுகின்றது. விளையாட்டு மருத்துவம் கூறும் விளக்கம் வேறு. மோதியும் விழுந்தும் உண்டாகும் காயங்கள் ஒருபுறமிருக்க, பயிற்சியினால் வரும் காயங்களிற் பெரும்பகுதி, உடலின் மீது ஏற்றப்படும் சுமைக்கும் அதனைத் தாங்கிப் பழக உடல் வேண்டிநிற்கும் காலத்துக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையாற் பிறப்பவை. அப்பொருத்தமின்மை எத்தகையது என்பதை விளங்கிக்கொள்வது விளையாட்டு வீரருக்கு மட்டுமன்றி, மாலையில் நடக்கப் புறப்படும் எவருக்கும் பயன் தருவதாகும்.

பயிற்சி உடலை வலுப்படுத்துகின்றது என்று கூறுவது பாதி உண்மையே. பயிற்சி நிகழும் வேளையில் உடல் களைக்கின்றது. தசையின் நுண்ணிழைகள் சிதைகின்றன. சேமித்துவைத்த சக்தி செலவாகின்றது. வலிமை சேர்வது அதன் பின்னர், உணவும் உறக்கமும் கிடைக்கும் மணித்தியாலங்களிலே. சிதைந்தது முன்னிருந்ததிலும் சற்று உறுதியாகச் சீர்செய்யப்படுவதே பயிற்சியின் பயன். என்பும் இவ்விதிக்கு விலக்கன்று. ஜேர்மனியச் சத்திரசிகிச்சை நிபுணரான யூலியஸ் வொல்ஃப் 1892இல் வெளியிட்ட நூலிலே, தன்மீது ஏற்றப்படும் சுமைக்கேற்ப என்பு தனது உள்ளமைப்பை மாற்றிக்கொள்கின்றது என்பதை எடுத்துரைத்தார். உயிரற்ற தூண் சுமையினால் தேயும். உயிருள்ள என்போ அளவான சுமையினால் வளரும். அளவான என்ற அச்சொல்லிலேதான் முழு விடயமும் தங்கியுள்ளது.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. உடலின் பகுதிகள் யாவும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. பயிற்சி தொடங்கிச் சில வாரங்களிலேயே மூச்சிரைப்புக் குறைகின்றது. இருதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் குருதியின் அளவு கூடுகின்றது. தசை முறுக்கேற அதனிலும் அதிக காலம் வேண்டும். தசையை என்போடு பிணைக்கும் தசைநாண், குருதியோட்டம் குறைந்தது. ஆகையால் அது மேலும் மெதுவாகவே உறுதிபெறும். எல்லாவற்றினும் பொறுமையை வேண்டுவது என்பு. சுமை கூடியவுடன் என்பு தடித்துவிடுவதில்லை. முதலிலே பழைய என்புப் பகுதியைச் சில கலங்கள் அரித்து அகற்றுகின்றன. இதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் செல்லும். அவ்விடத்தை வேறு கலங்கள் புதிய என்பினால் நிரப்புவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் செல்லும். பழைய சுவரை இடித்த பின்னரே அவ்விடத்திற் புதுச்சுவர் எழுப்ப முடியும் என்பது போன்றதே இது. இடித்தல் முடிந்து கட்டுதல் முடியாத அந்த இடைக்காலத்தில், என்பு பயிற்சிக்கு முன்னிருந்ததிலும் நலிந்ததாகவே இருக்கின்றது.

இனிப் பாடசாலை நாட்காட்டியை இதனோடு ஒப்புநோக்கலாம். மூன்றாவது நான்காவது வாரத்திலே மாணவனின் மூச்சு சீராகிவிடுகின்றது. இனி எவ்வளவு தூரமும் ஓடலாம் என்ற துணிவு அவனுக்குப் பிறக்கின்றது. அத்துணிவைக் கண்ட பயிற்றுநர் தூரத்தையும் வேகத்தையும் கூட்டுகின்றார். போட்டி நாளும் நெருங்கிவிடுகின்றது. அதே வாரங்களிலேதான் அவனது கால் என்பு தன் பலத்தின் தாழ்ந்த நிலையில் நிற்கின்றது. மூச்சு கொடுக்கும் துணிவை என்பு தாங்க இயலாத நேரம் அது. காயத்தைத் தலைவிதி என்பவர்கள் இந்நாட்காட்டியை ஒருமுறை பார்ப்பது நன்று.

இவ்வுண்மையை முதலில் வெளிப்படுத்தியவர்கள் விளையாட்டு வீரர் அல்லர், படைவீரரே. 1855இல் பிரசிய இராணுவ மருத்துவரான பிரைத்தோப்ற், நெடுந்தூர அணிநடைக்குப் பின்னர் படைவீரரின் பாதங்கள் வீங்கி நோவதை விவரித்து எழுதினார். விழவுமில்லை, அடிபடவுமில்லை, ஆயினும் பாதம் நிலத்தில் ஊன்ற முடியாதபடி நொந்தது. காரணம் எவருக்கும் புலப்படவில்லை. 1895இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டு, 1897இல் அக்கதிர் கொண்டு அப்பாதங்கள் ஆராயப்பட்ட போதே, பாத என்புகளிலே மெல்லிய முறிவுகள் இருந்தமை தெரியவந்தது. நாற்பதாண்டுக் காலம் அவ்வீரர்களின் நோவு உண்மையாக இருந்தது. அதனைக் காட்டும் படம் மட்டும் இருக்கவில்லை. இன்றுங்கூட இத்தகைய தகைப்பு முறிவுகள் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குச் சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்திற் பெரும்பாலும் தெரிவதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

வன்னிக் கிராமப் பாடசாலை ஒன்றிலே பயின்ற மாணவன் ஒருவனின் அனுபவம் இதற்கு எடுத்துக்காட்டாகும். ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓட்டத்தில் அவனுக்கு நிகராக அப்பாடசாலையில் எவரும் இருக்கவில்லை. அவனை ஊக்கிய ஆசிரியர் தன் சொந்தப் பணத்தில் அவனுக்குச் சப்பாத்து வாங்கிக்கொடுத்த நல்ல மனிதர். பயிற்சியின் நான்காம் வாரத்திலே அவனுடைய இடது கெண்டைக்காலின் உட்புறத்தில், விரல் நுனியாற் காட்டக்கூடிய ஓர் இடத்தில் நோவு தொடங்கியது. "ஓடிப் பழகாத காலெண்டால் நோகத்தான் செய்யும் தம்பி, ஓட ஓடச் சரியாகும்" என்று ஆசிரியர் தேற்றினார். தாயார் எண்ணெய் சூடாக்கித் தடவித் துணி சுற்றிவிட்டார். நோவு குறையாதபடியால் வைத்தியசாலைக்குச் சென்று படம் எடுத்துப் பார்த்தார்கள். என்பிலே முறிவு எதுவும் தெரியவில்லை. அவ்வளவுதான். அதன் பிறகு அவன் நோகின்றது என்று சொல்லும்போதெல்லாம் அது பயம் என்றும் சாட்டு என்றும் கொள்ளப்பட்டது. இல்லப் போட்டியில் முதலாவதாக வந்தான். வலயப் போட்டியிலும் முதலாவதாக வந்தான். மாகாணப் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு முந்திய சுற்றிலே கால் என்பு முற்றாக முறிந்து விழுந்தான்.

மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு இருந்த அவன் மீண்டும் போட்டிகளுக்குச் செல்லவில்லை. இன்று பல்கலைக்கழக மாணவனாகிவிட்ட அவன் அதைப்பற்றிப் பேசும்போது எவரையும் குறை சொல்வதில்லை. "கால் முறிஞ்சது எனக்குப் பெரிசில்லை. நோகுதெண்டு சொன்னதை ஒருத்தரும் நம்பேல்லை, அதுதான்" என்று மட்டும் சொல்வான். அவனைச் சூழ்ந்திருந்த அனைவரும் அவன்மீது அன்புடையோரே. அன்பு இருந்தது, அறிவு இருக்கவில்லை. ஆதலால் அவ்வன்பு அவனைக் காப்பாற்றவில்லை.

நோவைத் தாங்குவதே வீரம் என்ற எண்ணம் இந்நிலைக்குத் துணைபோகின்றது. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கின் நானூறு மீற்றர் அரையிறுதியிலே பிரித்தானிய வீரர் டெரிக் றெட்மண்டின் பின்தொடைத் தசை ஓட்டத்தின் நடுவே கிழிந்தது. அவர் ஒற்றைக் காலில் நொண்டி முன்செல்ல, பார்வையாளர் பகுதியிலிருந்து ஓடிவந்த தந்தையார் அவரைத் தோளில் தாங்கி முடிவுக் கோடுவரை அழைத்துச் சென்றார். மைதானமே எழுந்து நின்று கரகோஷம் செய்தது. விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக இன்றும் மேடைகளிற் கூறப்படும் கதை இது. ஆனால் மேடைகளிற் கூறப்படாத இரண்டு செய்திகள் உள. நான்காண்டுகளுக்கு முன்னர் சியோல் ஒலிம்பிக்கிலும் இதே வீரர், முதற்சுற்று தொடங்கச் சில நிமிடங்களே இருக்கையில் குதிநாண் காயத்தினால் விலக நேர்ந்தது. இடைப்பட்ட காலத்திற் பல சத்திரசிகிச்சைகளுக்கும் அவர் உட்பட்டார். மற்றையது, பாதுகாவலரை விலக்கிக்கொண்டு தந்தையார் ஓடிவந்தது மகனை ஓடச் சொல்வதற்கு அன்று. இதை நீ செய்யத் தேவையில்லை என்று சொல்வதற்கே. மகன் முடித்தே தீருவேன் என்றபோதுதான் அவர் தோள் கொடுத்தார். கரகோஷத்தின் நடுவே அத்தந்தையின் முதற் சொல்லை உலகம் மறந்துவிட்டது.

அப்படியாயின், நோவு வந்தவுடன் பயிற்சியை நிறுத்திவிட வேண்டுமா? அவ்வாறன்று. நோவிலும் வகையுண்டு. புதிய பயிற்சியின் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை முழுவதும் பரவலாக, பெரும்பாலும் இரு பக்கத்திலும் சமமாகத் தோன்றி, மூன்று நான்கு நாட்களில் மறையும் நோவு அஞ்சத்தக்கதன்று. ஒரு பக்கத்தில் மட்டும், ஓரிடத்தில் மட்டும், குறிப்பாக என்பின் மீது விரல் வைத்து அழுத்தும்போது கூர்மையாக உணரப்படும் நோவு வேறு. ஓட ஓடக் கூடுவதும், ஓய்ந்திருக்கும்போதும் இரவிலும் வருவதும், நடையை நொண்டலாக மாற்றுவதும் உடல் விடுக்கும் எச்சரிக்கைகளாகும். இவ்வேறுபாட்டை அறிய நவீன கருவி எதுவும் வேண்டியதில்லை. மாணவனிடம் கேட்பதும், அவன் சொல்வதை நம்புவதுமே வேண்டியவை.

தடுப்பு முறைகளிலும் பழைய நம்பிக்கைகள் சில மறுபரிசீலனைக்கு உள்ளாகியுள்ளன. ஓட்டத்துக்கு முன்னர் அசையாது நின்று தசைகளை நீட்டிப் பிடிப்பது காயத்தைத் தடுக்கும் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. அவுஸ்திரேலிய இராணுவத்திற் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீட்டற் பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இடையே கால் காயங்களிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பயன் தருவது வேறு. மெதுவோட்டத்தோடு உடலைச் சூடாக்கி, ஒற்றைக்காலிற் சமநிலை பேணி, முழங்கால் உள்நோக்கிச் சாயாமற் குதித்திறங்கப் பழகி, தொடை, இடுப்பு, வயிற்றுத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியே அது. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஆதரவில் வகுக்கப்பட்ட 'பதினொன்று பிளஸ்' என்னும் இருபது நிமிடப் பயிற்சி இத்தகையது. நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான 1,892 பெண் வீராங்கனைகளிடையே அதனைப் பரிசோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், அப்பயிற்சி செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கும், கடுமையான காயங்கள் ஏறத்தாழ அரைவாசியும் குறைந்திருந்தன. அதற்கு வேண்டியவை ஒரு மைதானமும் ஒரு பந்தும் மாத்திரமே. தோழனொருவன் கணுக்கால்களைப் பிடித்திருக்க, முழந்தாளிட்டு உடலை மெல்ல முன்சாய்க்கும் 'நோர்டிக்' பயிற்சி, பின்தொடைத் தசைக் காயங்களை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைப்பதாக 2019இல் வெளியான தொகுப்பாய்வொன்று காட்டுகின்றது. வசதி குறைந்த பாடசாலைகளாலும் இவற்றைச் செய்ய முடியும் என்பதே முக்கியமானது.

மாணவியர் நிலை தனியே நோக்கத்தக்கது. உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம் போன்றவற்றில் முழங்காலின் முன் குறுக்கிணையம் அறுந்துபோகும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இலங்கைப் பாடசாலை மாணவியர் பெரிதும் விரும்பி ஆடும் வலைப்பந்தாட்டத்திலோ, பந்தைப் பிடித்தவர் ஓடிச் செல்ல இயலாது. பாய்ந்து பிடித்த வேகத்தோடு அவ்விடத்திலேயே நின்றுவிட வேண்டும். அந்த ஒரு கணத்தில் உடலின் வேகம் முழுவதும் முழங்காலில் இறங்குகின்றது. அறுந்த இணையத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தாலும் மீண்டும் ஆடுவதற்கு ஒன்பது மாதங்களேனும் செல்லும். பந்தை எறியக் கற்பிக்கும் அளவுக்குக் குதித்திறங்கவும் கற்பிக்கப்படுமாயின் எத்தனையோ முழங்கால்கள் தப்பும்.

வெப்பமும் காலத்தையே வேண்டுகின்றது. வெயிலில் உழைக்க உடல் பழகுவதற்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். முதல் நாளிலேயே நண்பகலில் நெடுந்தூரம் ஓடவிடுவது ஆபத்தானது. ஓடுபவன் தடுமாறினால், பிதற்றினால், மயங்கினால் அது வெறும் களைப்பன்று. நிழலிற் கிடத்தி, குளிர்ந்த நீராலும் ஐஸ் கட்டியாலும் உடலைக் குளிர்வித்த வண்ணமே வைத்தியசாலைக்கு அறிவிக்க வேண்டும். குளிர்விப்பதில் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிரோடு தொடர்புடையது. குளுக்கோசும் தோடம்பழத் துண்டும் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை.

காயத்தின் பின்னரான சிகிச்சையிலும் கருத்துகள் மாறிவந்துள்ளன. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்திவைத்தல் என்னும் நான்கையும் ஒருங்கே 1978இல் தமது நூலில் முன்வைத்த அமெரிக்க மருத்துவர் கேப் மேர்க்கின், ஐஸும் முழு ஓய்வும் குணமாதலைத் தாமதிக்கச் செய்யலாம் என்று 2014இல் தாமே எழுதினார். நோவைத் தணிக்கச் சிறிது நேரம் ஐஸ் வைக்கலாம்; ஆனால் சுளுக்கிய காலை வாரக்கணக்கில் அசையாது வைத்திருப்பது அதனை நலிவிக்கும். நோவின் எல்லைக்குள் இயன்றளவு விரைவில் அசைக்கத் தொடங்குவதே இன்றைய நெறி. முறிவு நெரிவு வைத்தியரின் பத்தும் கட்டும் தலைமுறைகளாக ஊருக்கு உதவியவை. ஆயினும் காயம்பட்ட முதல் இரண்டு மூன்று நாட்களில் அழுத்தித் தடவுவதும் இழுப்பதும் உள்ளே குருதி கசிவதை அதிகரிக்கக்கூடும் என்பதை எவ்வைத்திய முறையினரும் கருத்திற்கொள்ளல் நலம்.

இவையெல்லாம் மெய்வல்லுநருக்கே உரியவை எனக் கருதுதல் தவறு. நீரிழிவு என்று வைத்தியர் சொன்ன மறுநாளே, இருபதாண்டுகளாகக் கதிரையில் இருந்தவர் பாட்டாச் செருப்போடு ஒரு மணிநேரம் நடக்கப் புறப்படுகின்றார். ஒரு மாதத்துக்குள் காலையிற் கட்டிலிலிருந்து இறங்கி அடியெடுத்து வைக்கும்போது குதிக்கால் குத்துகின்றது. நடை நின்றுவிடுகின்றது, நோய் நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, வளர்ந்தோருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாட்களாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்கின்றது. அவ்வளவைச் சென்றடையச் சில மாதங்கள் எடுத்துக்கொள்வதில் இழுக்கேதுமில்லை. பத்து நிமிட நடையும் தொடக்கமே. உடலுக்கு மிகுதியும் குறைவும் ஒருங்கே கேடு என்பதைத் திருக்குறளின் மருந்து அதிகாரம் தன் முதற் குறளிலேயே கூறிவிட்டது.

ஓய்வைத் தெரிவு செய்யும் வாய்ப்பு எல்லோருக்கும் உண்டா என்ற வினாவும் எழாமலில்லை. மலைச்சரிவிலே கொழுந்துச் சுமையோடு ஏறி இறங்கும் பெண்ணின் உடல் எந்த வீரனின் உடலுக்கும் குறையாது உழைக்கின்றது. அவளது சுமையை நிர்ணயிப்பது அன்றைய நிறைக்கணக்கு. அவளது தசைநாண் அன்று. படிப்படியாகக் கூட்டுதல், இடையிடையே ஆறுதல் என்னும் பயிற்சி விதிகள் அவளை எட்டவில்லை. காயத்தைத் தடுக்கும் அறிவு வெறும் விளையாட்டறிவன்று, உழைப்போர் அனைவருக்கும் உரிய அறிவு என்பதை இது உணர்த்துகின்றது.

செய்யவேண்டியது அரிதானதன்று. போட்டிக்கான ஆயத்தம் மூன்று வாரத்திலன்றி மூன்று மாதத்துக்கு முன்னரே தொடங்கவேண்டும். மாரி மழையில் மைதானம் சேறாகிவிடும் பகுதிகளிலே, பாடசாலை விறாந்தையிற் செய்யக்கூடிய வலுப் பயிற்சிகளே என்பையும் தசைநாணையும் ஆயத்தப்படுத்தத் தொடங்கப் போதுமானவை. தூரமும் வேகமும் ஒரே வாரத்தில் ஒருங்கே கூட்டப்படலாகாது. கடுமையான நாளின் மறுநாள் இலேசான நாளாக அமைதல் வேண்டும். எவ்வளவு ஓடினான், எவ்வாறு உறங்கினான், எங்கு நோகின்றது என்ற மூன்றையும் மாணவன் நாள்தோறும் ஒரு கொப்பியிற் குறித்துவைத்தால், எந்தப் படத்துக்கும் முந்தியே அக்கொப்பி பேசும். ஆசிரியர் அதனை வாசித்தல் வேண்டும். வாசித்ததை நம்புதல் வேண்டும்.

போட்டி நாளின் மாலையில் எந்த இல்லம் முதலிடம் பெற்றது என்று அறிவிக்கப்படும்போது, சென்ற ஆண்டு ஓடியவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் ஓடினர் என்ற எண்ணையும் சேர்த்து அறிவிக்கும் ஒரு பாடசாலை தோன்றுமாயின், அப்பாடசாலையே விளையாட்டின் பயனை உள்ளவாறு உணர்ந்த பாடசாலை எனலாம்.